மரண ரயில் பாதையில் காலரா: ஒரு நாவலை அறிவியல் கண்ணால் படிப்போம்

மாணவர்களே, ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமி எழுதிய ‘நினைவுச் சின்னம்’ ஆகிய இரண்டும் நம் நாட்டுத் தமிழ் நாவல்கள். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாமுக்குக் கொண்டு செல்லப்பட்ட நம்மவர்களின் கதையை இரண்டும் சொல்கின்றன. நூலகத்தில் கிடைத்தால் எடுத்துப் படியுங்கள். இலக்கிய வகுப்பில் இவற்றைப் படிப்பவர்கள் கதைமாந்தரைப் பற்றி எழுதுவார்கள். அறிவியல் மாணவர்களாகிய நாம் அந்த ரயில் பாதையில் பரவிய காலராவைப் பற்றிப் பார்ப்போம். நம் பாட்டன்மார் வாந்திபேதி என்று சொன்னது இதைத்தான்.

முதலில் கொஞ்சம் வரலாறு. தாய்லாந்தின் நோங் பிளாடுக்கையும் பர்மாவின் தான்பியுசாயாட்டையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளப் பாதை அமைக்கும் வேலை 1942-இல் தொடங்கி, 1943 அக்டோபரில் முடிந்தது. சுமார் 60,000 போர்க்கைதிகள் அதில் வேலை செய்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு. அவர்களில் மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 70,000-க்கும் மேல், பெரும்பாலோர் தமிழர்கள். சிங்கப்பூரிலிருந்து போர்க்கைதிகளை அடைத்துச் சென்ற சரக்குப் பெட்டிகள் நம் ஜொகூர் பாரு, குளுவாங், சிகாமட் வழியாகத்தான் வடக்கே போயின.

1943 மே மாதம் அங்கே பருவமழை பிடித்துக்கொண்டது. ஆற்றோரக் காட்டுக்குள் முகாம்கள். கழிப்பிடம் என்று வெட்டிய குழிகள் மழையில் நிரம்பி வழிந்தன. ஒரு முகாமின் கழிவு ஆற்றில் கலக்க, அதற்குக் கீழே இருந்த முகாம் அதே ஆற்று நீரைக் குடித்தது. காலராவுக்குக் காரணமான ‘விப்ரியோ காலரே’ என்ற பாக்டீரியாவுக்கு இதைவிட வசதியான வழி கிடையாது.

ஆரோக்கியமான ஒருவரின் வயிற்றுக்குள் போகும் இந்தப் பாக்டீரியாக்களில் பெரும்பகுதியை இரைப்பை அமிலமே கொன்றுவிடும். பல கோடிக் கணக்கில் போனால்தான் சில தப்பிப் பிழைத்துச் சிறுகுடலை எட்டும். ஆனால் பல மாதங்கள் அரைப்பட்டினி கிடந்தவர்களுக்கு அமிலச் சுரப்பு குறைந்துவிடும். அந்த முதல் காவல் தளர்ந்துபோனால், சிறிய எண்ணிக்கையே போதும்.

சிறுகுடலில் என்ன நடக்கிறது? பாக்டீரியா குடல் சுவரைத் துளைப்பதில்லை, இரத்தத்திலும் கலப்பதில்லை. சுவரில் ஒட்டிக்கொண்டு ஒரு நச்சைச் சுரக்கிறது. அந்த நச்சு செல்லுக்குள் புகுந்து, குளோரைடு அயனிகள் வெளியேறும் வாயிலைத் திறந்தபடியே வைத்துவிடுகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது. அதன் பின்னால் சோடியம் போகிறது. உப்பு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் நீர் போகும். இதுதான் படிவம் நான்கில் நீங்கள் உருளைக்கிழங்குத் துண்டை உப்பு நீரில் போட்டுப் பார்த்த ஓஸ்மோசிஸ், அதாவது சவ்வூடு பரவல். உடம்பின் நீர் முழுவதும் குடல் வழியாக வடியத் தொடங்குகிறது. கழிவு அரிசி கழுவிய நீர் போல இருக்கும்.

மாலையில் பேசிக்கொண்டிருந்தவர் காலையில் பிணமானார் என்று அந்தக் காலக் கதைகளில் வருவது மிகையா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 கிலோ எடையுள்ளவர் உடம்பில் ஏறக்குறைய 30 லிட்டர் நீர் இருக்கிறது. கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர் வரை வெளியேறக்கூடும். எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 5 லிட்டர் போனாலே இரத்த அழுத்தம் விழுந்து உயிர் ஆபத்தில் நிற்கும். ஐந்து மணி நேரம்! காட்டில் வேலை செய்து ஏற்கெனவே வற்றிய உடம்புக்கு அதுகூடத் தேவைப்பட்டிருக்காது.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். அந்தப் பாதையில் எல்லா நோய்களும் பட்டினியும் அடியும் சேர்ந்து ஐந்து போர்க்கைதிகளில் ஒருவரைக் கொன்றன. ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு, அதாவது கிட்டத்தட்டப் பாதிப் பேர். ஏன் இந்த வேறுபாடு? வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு உடம்பு பலம் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1943 ஏப்ரலில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய ‘எஃப் ஃபோர்ஸ்’ என்ற 7,000 போர்க்கைதிகள் கொண்ட குழுவைப் பாருங்கள். சுமார் 300 கிலோமீட்டர் நடத்தியே கொண்டு செல்லப்பட்ட அவர்களைக் கொன்கோய்தா முகாமில் காலரா பிடித்தது. அந்தக் குழுவில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கிருமி தோல் நிறம் பார்ப்பதில்லை.

போர்க்கைதிகளிடம் இருந்தது வேறு. அவர்களுடன் இராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், அவர்கள் சொன்னால் கேட்கும் கட்டுப்பாடும் இருந்தது. கொதிக்க வைக்காத நீரைக் குடிக்கக் கூடாது, சாப்பாட்டுத் தட்டைக் கொதிநீரில் முக்கிய பிறகே சோறு வாங்க வேண்டும், நோயாளிகளைத் தனியே வைக்க வேண்டும் என்று விதிகள். எட்வர்ட் டன்லப் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் இருந்த ஹின்தோக் முகாமில், கிடைத்த குழாய்களையும் மூங்கிலையும் வைத்து ஆற்று நீரைக் காய்ச்சி வடித்து, அதில் உப்புச் சேர்த்து நோயாளிகளின் இரத்தக் குழாயில் ஏற்றினார்கள். உங்கள் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் காய்ச்சி வடிக்கும் கருவிதான், காட்டில் செய்தது.

நம்மவர்களின் முகாம்களில் மருத்துவர் அநேகமாகக் கிடையாது. யார் சொல்லி யார் கேட்பது? தோட்டத்திலிருந்து தனித்தனியே கூட்டி வரப்பட்டவர்கள், அறிமுகமில்லாத காடு, மொழி தெரியாத காவலர்கள், மழையில் நனைந்த விறகு. அந்த விறகில் பானைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும் என்று சொல்லித் தரவும் ஆளில்லை. 1943 ஜூனில்தான் போர்க்கைதி மருத்துவர்களும் உதவியாளர்களும் சேர்ந்த ‘கே ஃபோர்ஸ்’ என்ற சிறு குழு தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டது. மொத்தம் 230 பேர். அதற்குள் காலரா பல முகாம்களைக் கடந்து போயிருந்தது.

மருந்து இல்லாததால்தான் இறந்தார்கள் என்று முடித்துவிடலாமா? 1959-இல் கல்கத்தாவின் சம்புநாத் டே என்ற விஞ்ஞானி, முயல் குடலில் சோதித்து, காலராவின் வேலையைச் செய்வது ஒரு நச்சுதான் என்று நிறுவினார். அடுத்த ஆண்டு இராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, குடல் செல்லில் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் வாயில் ஒன்று இருப்பதாக விளக்கினார். காலரா நச்சு இந்த வாயிலைத் தொடுவதில்லை என்பது பிறகு தெரிந்தது. ஆகவே உப்பையும் சர்க்கரையையும் சரியான அளவில் நீரில் கலந்து குடித்தால், அவை உள்ளே போகும்போது நீரும் கூடவே போகும். 1971 வங்காளதேசப் போரின்போது போங்காவ் அகதி முகாமில் ஊசிவழி திரவம் தீர்ந்துபோக, திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை உறவினர்களைக் கொண்டே புகட்டச் செய்தார். 30 விழுக்காட்டை ஒட்டியிருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

1980-களில் டாக்காவில் நடந்த ஆய்வுகள் இன்னொன்றைக் காட்டின. சர்க்கரைக்குப் பதில் அரிசி மாவைக் காய்ச்சி உப்புச் சேர்த்துக் கொடுத்தாலும் பலன் உண்டு. மாவுச்சத்து குடலில் உடைந்து குளுக்கோஸ் ஆகிவிடுகிறது. சயாம் முகாம்களில் நம்மவர்களுக்குப் பங்கீடாகக் கிடைத்த முக்கிய உணவே அரிசிதான். கொதித்த நீரில் நீர்த்த உப்புக் கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே இருந்திருந்தால் எத்தனை பேர் எழுந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. அன்று அதன் பலன் அறிவியல் ஆய்வில் நிறுவப்பட்டிருக்கவில்லை.

வீட்டில் யாருக்காவது கடுமையான வயிற்றுப்போக்கு வந்தால்: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீர், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு மாறக் கூடாது. மருந்தகத்தில் விற்கும் உப்புத்தூள் பொட்டலம் இன்னும் நல்லது. நோயாளி சோர்ந்து மயங்கினாலோ குடிக்க முடியாமல் போனாலோ உடனே கிளினிக்குக்குக் கொண்டு போங்கள்.

இந்த வாரப் பயிற்சி: வயிற்றுப்போக்கு உள்ளவருக்குச் சிலர் மிக இனிப்பான சிராப் தண்ணீரைக் கொடுப்பார்கள். அது போக்கை அதிகமாக்கக்கூடும். ஏன் என்று ஓஸ்மோசிஸைக் கொண்டு ஐந்து வரியில் விளக்குங்கள். படத்தில் நீர் செல்லும் திசையை அம்புக்குறியால் காட்டுங்கள்.