சைக்கிளுக்கு நல்ல விளக்கு: வீட்டிலேயே செய்துகொள்ள 17 குறிப்புகள்

சோமனூரில் இரவிலும் தறிச் சத்தம் ஓயாது. ஷிப்ட் மாறும் நேரத்தில் சாமளாபுரம் ரோட்டில் நின்று பாருங்கள். சைக்கிள் வருவது மணியடித்தால்தான் தெரியும். அப்பா காலத்துப் பெரிய சைக்கிளில் டைனமோ துருப்பிடித்துக் கிடக்கும். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிள்களில், என் கண்ணில் பட்டவரை, விளக்கே இல்லை. முன்பெல்லாம் விளக்கு இல்லாமல் போனால் போலீஸ்காரர் நிறுத்துவார், அதற்குப் பயந்தாவது ஒன்றை மாட்டி வைத்திருந்தோம். இப்போது கேட்பாரில்லை. ஆனால் நூல் லாரியும் கம்பெனி வேனும் முன்பைவிட வேகமாகப் போகின்றன.

நல்ல விளக்கு ஒன்றை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வீட்டிலேயே செய்துவிடலாம். வெளிச்சத்தை உண்டாக்குவது இன்றைக்குச் சுலபம். அதோடு வரும் சூட்டை வெளியேற்றுவதும், ஒளியைத் தரையை விட்டு மேலே போகாமல் அடக்குவதும்தான் உண்மையான வேலை. குறிப்புகளில் பாதி இந்த இரண்டைப் பற்றித்தான்.

பொருள் வாங்கும்போது

1. எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். தெருவிளக்கு உள்ள இடத்தில் 100 லூமன் போதும். தோப்புக்கு நடுவே போகும் இருட்டு ரோட்டுக்கு 300 லூமன் தேவை. பழைய டைனமோ குண்டு பல்பு ஒரு வாட்டுக்கு 10 முதல் 15 லூமன்தான் தரும். நல்ல எல்.இ.டி. அதே ஒரு வாட்டில் 100 லூமன் தருகிறது. ஆகவே 3 வாட் எல்.இ.டி. ஒன்று போதும். "ஐயாயிரம் லூமன்" என்று அட்டையில் அச்சடித்து விற்பதை நம்பிக் காசைக் கொட்ட வேண்டாம்.

2. எல்.இ.டி.யை நட்சத்திர வடிவ அலுமினியத் தட்டில் ஒட்டியதாகக் கேட்டு வாங்குங்கள். தனிச் சில்லாக வாங்கினால் வீட்டில் பற்றவைப்பது கஷ்டம். கோவை காந்திபுரம் பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் "3 வாட் ஸ்டார் எல்.இ.டி." என்றால் எடுத்துத் தருவார்கள். கூடவே அதன் மேல் உட்காரும் லென்ஸையும் வாங்கிவிடுங்கள். 15 டிகிரி லென்ஸ் தூரத்துக்குக் குவிக்கும், 45 டிகிரி லென்ஸ் பக்கவாட்டில் பரப்பும். ஒரே விளக்கு வைப்பதானால் 25 முதல் 30 டிகிரி நடுவாந்தரமானது.

3. நீலம் அடிக்கும் வெள்ளையைத் தவிருங்கள். வெள்ளை எல்.இ.டி.க்கு உள்ளே இருப்பது நீல எல்.இ.டி.தான். அதன் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசி வெள்ளையாக்குகிறார்கள். அந்த நீல எல்.இ.டி.யை உருவாக்கியதற்காகத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. பூச்சு குறைவாக இருந்தால் நீலம் தூக்கலாகத் தெரியும், எதிரே வருபவர் கண் கூசும். 4000 முதல் 5000 கெல்வின் வரை உள்ள 'நியூட்ரல் ஒயிட்' கேளுங்கள். செம்மண் ரோட்டில் குழியும் மேடும் அதில் பிரிந்து தெரியும்.

4. பேட்டரிக்கு 18650 லித்தியம் செல் நல்லது. பெயரே அளவுதான்: 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். சாதாரணமாக 3.7 வோல்ட், முழுதாக ஏறினால் 4.2 வோல்ட். நல்ல செல்லின் கொள்ளளவு 2000 முதல் 3500 மில்லி ஆம்பியர் மணி வரை. 9900 என்று எழுதியிருந்தால் அது போலி. கையில் எடுத்துப் பாருங்கள், 45 கிராமையொட்டி எடை இருக்க வேண்டும். காற்று மாதிரி லேசாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

5. பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து எடுத்த செல் மலிவாகக் கிடைக்கும். வாங்கினால் ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் பாருங்கள். 2.5 வோல்ட்டுக்குக் கீழே போய்க் கிடப்பது, உறை கிழிந்தது, உப்பியது, துருப்பிடித்தது எதையும் தொட வேண்டாம். அதைச் சார்ஜ் போட்டு உயிர்ப்பிக்கப் பார்ப்பது ஆபத்து. முதல் தடவை செய்கிறவர்கள் புது செல்லே வாங்குவது நிம்மதி.

6. எல்.இ.டி.யை பேட்டரியோடு நேராக இணைக்கக் கூடாது. சூடாகச் சூடாக எல்.இ.டி. இன்னும் அதிக மின்சாரத்தை இழுக்கும், இழுத்து இழுத்தே கருகிவிடும். நடுவில் 'டிரைவர்' என்னும் சிறு பலகை வேண்டும். 7135 எண் கொண்ட சில்லு வைத்த டிரைவர் எளிமையானது. ஒரு சில்லு 350 மில்லி ஆம்பியருக்கு மேல் விடாது. மூன்று சில்லு உள்ள பலகை வாங்கினால் சுமார் 1 ஆம்பியர், அதாவது 3 வாட். ஒற்றைச் செல்லுக்கு இது கச்சிதம்.

7. எத்தனை மணி நேரம் எரியும் என்பதை நீங்களே கணக்குப் போடலாம். செல்லின் கொள்ளளவை மின்சாரத்தால் வகுத்தால் போதும். 2600 மில்லி ஆம்பியர் மணி செல், 1 ஆம்பியரில் சுமார் இரண்டரை மணி நேரம். அதுவே 350 மில்லி ஆம்பியரில் ஏழு மணி நேரம். அதனால் இரண்டு வெளிச்ச நிலை உள்ள டிரைவர் கிடைத்தால் வாங்குங்கள். ஊருக்குள் குறைவாகவும் தோப்பு ரோட்டில் முழுதாகவும் வைத்துக்கொள்ளலாம்.

பூட்டும்போது

8. விளக்கின் உடம்பு அலுமினியமாகத்தான் இருக்க வேண்டும். எல்.இ.டி.க்குப் போகும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் சூடாகத்தான் வெளியே வருகிறது. பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் அந்தச் சூடு போக வழியில்லை. அலுமினியக் கதவு, ஜன்னல் செய்யும் கடையில் ஒரு அங்குல பாக்ஸ் பைப்பின் வெட்டுத்துண்டு கேளுங்கள். 10 செ.மீ. நீளம் போதும். வட்டமாக, விசிறி போல் வரி போட்டு வேண்டுமானால் லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்து வாங்கலாம். ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் இந்தியத் தயாரிப்பு மின்மோட்டாரை உருவாக்கிக் காட்டிய ஊர் கோவை. மோட்டாரையும் பம்பையும் நம்பி வளர்ந்த பட்டறைகள் இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் இருக்கின்றன. இவ்வளவு சின்ன வேலையையும் முகம் சுளிக்காமல் செய்து தரும் பட்டறைக்காரர்கள் உண்டு.

9. எல்.இ.டி. தட்டுக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் கம்ப்யூட்டர் கடையில் கிடைக்கும் தெர்மல் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவுங்கள். பூரிக்கு எண்ணெய் தொடுவது போல ஒரு துளி போதும். அப்பினால் சூடு கடத்துவதற்குப் பதிலாகத் தடுக்கும். பிறகு இரண்டு சின்ன ஸ்க்ரூ போட்டு அழுத்தமாக முடுக்குங்கள். ஃபெவிக்விக் போட்டு ஒட்டக் கூடாது.

10. சைக்கிளில் பூட்டுவதற்கு முன் மேசையில் வைத்துச் சோதியுங்கள். டேபிள் ஃபேன் காற்று படும்படி வைத்து விளக்கைப் பத்து நிமிடம் எரியவிட்டு உடம்பைத் தொடுங்கள். ஐந்து விநாடி தொட்டுக்கொண்டிருக்க முடிந்தால் சரி. முடியாவிட்டால் இன்னும் பெரிய அலுமினியம் வேண்டும், இல்லையென்றால் மின்சாரத்தைக் குறைக்க வேண்டும். எரியும் எல்.இ.டி.யை நேராகப் பார்க்காதீர்கள், பிள்ளைகளையும் பார்க்கவிடாதீர்கள்.

11. செல்லின் மேல் நேரடியாக ஈயம் பற்றவைக்காதீர்கள். சூடு உள்ளே போனால் செல் கெட்டுவிடும், வெடிக்கவும் கூடும். ஸ்பிரிங் வைத்த செல் ஹோல்டர் வாங்கி, அதன் ஒயரில் மட்டும் ஈயம் வையுங்கள். சிவப்பு ஒயர் பிளஸ், கறுப்பு மைனஸ் என்ற ஒழுங்கை எங்கேயும் மாற்ற வேண்டாம். பிளஸ் ஒயரில் 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போட்டுவிட்டால், ஹேண்டில் திரும்பித் திரும்பி ஒயர் தோல் உரிந்தாலும் ஃபியூஸோடு போய்விடும்.

12. மழைக்கும் பஞ்சுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு வேண்டும். லென்ஸைச் சுற்றியும் ஒயர் நுழையும் துளையிலும் சிலிக்கான் பேஸ்ட் வைத்து ஒருநாள் காயவிடுங்கள். ஒயரை அடிப்பக்கமாக நுழைத்து ஒரு வளைவு தொங்கவிட்டால் ஐப்பசி மழைத் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும், உள்ளே ஏறாது. நம் ஊரில் இன்னொன்று: தறிக்குடோன் வாசலில் நிறுத்தும் சைக்கிளில் பஞ்சு படியும். அலுமினிய வரிகளுக்குள் பஞ்சு அடைத்தால் விளக்குக்குப் போர்வை போர்த்திய மாதிரிதான். வாரம் ஒருமுறை பழைய டூத் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

13. ஹேண்டில்பாரில் பூட்ட ஹோஸ் கிளிப் போதும். கிளிப்புக்கு அடியில் பழைய டியூபில் வெட்டிய ரப்பர் பட்டையைச் சுற்றி முடுக்குங்கள். வழுக்காது, குழியில் ஏறி இறங்கும்போது அதிர்ச்சியையும் வாங்கிக்கொள்ளும். செல் ஹோல்டரை ஃபிரேமில் சிறு பையில் வைத்து கேபிள் டை போட்டுவிடுங்கள். வெயிலில் நிறுத்தும் நாளில் செல்லைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போவது நல்லது.

14. சார்ஜ் போட 4056 எண் கொண்ட சிறு பலகை கிடைக்கிறது. பாதுகாப்புச் சில்லும் சேர்ந்ததாகக் கேளுங்கள். 4.2 வோல்ட் வந்ததும் அதுவே நிறுத்திவிடும், செல் வற்றிப்போகாமலும் காக்கும். சார்ஜ் ஏறும்போது விளக்கை எரிக்க வேண்டாம். தறிக்குடோனுக்குள் ஒருநாளும் சார்ஜ் போடாதீர்கள். லித்தியம் செல் பற்றினால் லேசில் அணையாது, பக்கத்தில் இருப்பது பஞ்சும் நூலும். சிமென்ட் தரையில், ஆள் விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள். உழைத்துத் தீர்ந்த செல்லைக் குப்பையிலோ நொய்யல் கரையிலோ வீசாமல் எலெக்ட்ரானிக்ஸ் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

15. வீட்டில் பழைய டைனமோ இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். 6 வோல்ட், 3 வாட் டைனமோ எல்.இ.டி.க்கு அருமையான துணை. அதிலிருந்து வருவது ஏசி மின்சாரம். அதை டிசியாக்க 5819 எண்ணுள்ள டையோடு நான்கை பிரிட்ஜாகக் கட்டி, இரண்டு 3 வாட் எல்.இ.டி.யைத் தொடர் இணைப்பில் சேருங்கள். டைனமோ அரை ஆம்பியரைச் சுற்றியே நிற்கும் என்பதால் டிரைவர் தேவையில்லை. மெதுவாகத் தள்ளும்போது கொஞ்சம் மினுக்கும், அவ்வளவுதான். ஒரு எச்சரிக்கை: டைனமோவின் ஒரு முனை சைக்கிள் பாடியோடு சேர்ந்திருக்கும். எனவே பிரிட்ஜுக்குப் பிறகு வரும் பிளஸ், மைனஸ் இரண்டும் பாடியைத் தொடாமல் தனி ஒயராக இழுக்க வேண்டும். பேட்டரி வாங்க வசதியில்லாத வீட்டுக்கு இந்த விளக்கையே நான் முதலில் சொல்வேன். மிதிக்கிற வரைக்கும் எரியும்.

ரோட்டில் இறங்கும்போது

16. ஒளியைத் தாழ்த்தி வைப்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். முதல் விளக்கைச் செய்து முடித்த அன்று, தூரத்துத் தென்னை மரம் தெரிகிறதே என்ற பூரிப்பில் நேராக வைத்துக்கொண்டு போனேன். எதிரே ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்த பெரியம்மா ஒருவர் முந்தானையால் கண்ணை மறைத்துக்கொண்டு, "ஏஞ்சாமி, கண்ணு கூசுது, லைட்டக் கீழ புடி சாமி" என்றார். ஆடு ரோட்டின் நடுவில் நின்றுவிட்டது. அவருக்கு நானும் தெரியவில்லை, பள்ளமும் தெரியவில்லை. அன்றிரவே சுவரில் அளந்து சரிசெய்தேன். அளவு இதுதான்: மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகிறவர் ஆபத்தைப் பார்த்து பிரேக் பிடித்து நிற்க சுமார் 7 மீட்டர் வேண்டும். ஆகவே ஒளியின் நடுப்பகுதி 10 மீட்டர் தூரத்தில் தரையைத் தொட வேண்டும். விளக்கு 90 செ.மீ. உயரத்தில் இருந்தால், சுவருக்கு 5 மீட்டர் முன்னால் சைக்கிளை நிறுத்துங்கள். ஒளி வட்டத்தின் நடு, சுவரில் 45 செ.மீ. உயரத்தில், அதாவது சரிபாதியில் விழ வேண்டும். அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தால் மாதம் ஒருமுறை சரிபார்க்கலாம். லென்ஸுக்கு மேலே தகரத்தில் அரை அங்குலம் புருவம் மாதிரி வளைத்து ஒட்டினால், மேலே சிதறும் கொஞ்சநஞ்ச ஒளியும் அடங்கும். முன்விளக்கை மினுக்க விடாதீர்கள், எதிரே வருபவரால் தூரத்தை மதிப்பிட முடியாது.

17. முன்னால் விளக்கு வைத்துவிட்டுப் பின்னால் இருட்டாக விடக் கூடாது. லாரி பின்னாலிருந்துதான் வருகிறது. சிவப்புச் சிறு எல்.இ.டி. மூன்றை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே 120 ஓம் ரெசிஸ்டர் போட்டு அதே செல்லிலேயே இணைக்கலாம். மூன்றும் சேர்ந்து 50 மில்லி ஆம்பியரையொட்டித்தான் இழுக்கும். மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரும் பெடலில் மஞ்சள் ஸ்டிக்கரும் ஒட்டுங்கள். மேலும் கீழும் அசையும் மஞ்சளைப் பார்த்ததும் சைக்கிள் என்று டிரைவருக்குப் பிடிபட்டுவிடும்.

செய்து முடித்ததும் வீட்டில் ஒருவரை இருட்டில் 20 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லி, உங்களை நோக்கி நடந்து வரச் சொல்லுங்கள். அவர் கையால் கண்ணை மறைத்தால் விளக்கை இன்னும் தாழ்த்துங்கள். மறைக்காமல், முன்னால் இருக்கும் பள்ளத்தைப் பார்த்துக் கால் வைத்து வந்து சேர்ந்தால் ஸ்க்ரூவை இறுக்கிவிடலாம். அடுத்ததாக, மாலை டியூஷன் முடிந்து இருட்டில் திரும்பும் பிள்ளையின் சைக்கிளுக்கு இன்னொன்று செய்யுங்கள். இரண்டாவது விளக்குக்கு அரை நாள்கூட ஆகாது.