கரண்டு வைத்தால் வலி போகுமா?

சிமெண்ட் ஆலையும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் உள்ள எங்கள் ஆலத்தியூர்ப் பக்கம் இடுப்பு பிடித்துக்கொண்டால், "நாலு நாள் கரண்டு வச்சுட்டு வா, சரியாப் போயிடும்" என்பார்கள். எந்தக் கரண்டு என்று யாரும் கேட்பதில்லை. மின்னியல் படிக்கும் நாமாவது கேட்க வேண்டாமா?

வீட்டு சப்ளையின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் 10 மில்லி ஆம்பியர் அளவில் பாய்ந்தாலே, பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 'டென்ஸ்' கருவி 30 மில்லி ஆம்பியர் கொடுத்தாலும் ஆபத்தில்லாதது எப்படி? ஒரு துடிப்பின் நேரம் 0.1 மில்லி செகண்டு, செகண்டுக்கு 100 துடிப்பு என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் பாயும் நேரம் நூறில் ஒரு பங்குதான். சராசரி 0.3 மில்லி ஆம்பியர்! அதுவும் அருகருகே வைத்த இரண்டு பேடுகளுக்கு இடையில் மட்டும்.

இது வலியை எப்படிக் குறைக்கிறது? அடிபட்ட இடத்தை நாம் சும்மாவே தேய்த்துக்கொள்கிறோம் அல்லவா? தொடு உணர்ச்சி நரம்புகள் தூண்டப்படும்போது, வலிச் செய்திக்கான கதவு முதுகுத் தண்டில் ஓரளவு மூடிக்கொள்கிறது. 1965-ல் மெல்சாக், வால் என்ற இருவர் சொன்ன கொள்கை இது.

அடுத்தது ஐ.எஃப்.டி. தோல் ஒரு கெப்பாசிட்டர் போலவும் நடந்துகொள்ளும். அதிர்வெண் 50-லிருந்து 4000 ஹெர்ட்ஸ் ஆனால், அதன் மின்மறுப்பு 80-ல் ஒரு பங்காகக் குறையும். எனவே 4000, 4100 என்ற இரு அலைகளைக் குறுக்காகச் செலுத்துகிறார்கள். அவை உள்ளே சந்திக்கும் இடத்தில், வித்தியாசமான 100 ஹெர்ட்ஸ் வேலை செய்கிறது.

தசைக்கு வேறு கணக்கு. நரம்பு நன்றாக இருந்தால் ஃபாரடிக் மின்சாரத்தின் 1 மில்லி செகண்டுக்கும் குறைந்த துடிப்பே தசையைச் சுருக்கிவிடும். நரம்பு செத்திருந்தால் அதற்கு அசையாது. 100 மில்லி செகண்டு போன்ற நீண்ட கால்வனிக் துடிப்பு வேண்டும். கரண்டை மாற்றிக் கொடுத்தால் நோயாளியின் பணமும் நாளும் வீண்.

அறுந்த தண்டுவடத்தை எந்தக் கரண்டும் ஒட்டவைக்காது. 1954-ல் விபத்தில் இரு கால்களும் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தார். அவர் முயற்சியால் 1966-ல் வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வு மையம் பிறந்தது. பயிற்சிதான் அங்கே மூலதனம். கரண்டு அதற்குத் துணை, அவ்வளவே.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. சர்க்கரை நோயிலும் தொழுநோயிலும் பாதம் மரத்துப் போகலாம். அங்கே நேர்மின்சாரமோ வெப்ப சிகிச்சையோ கொடுத்தால் தோல் வெந்தாலும் நோயாளிக்குத் தெரியாது. ஆகவே முதலில் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்தக் கருவியையும் தொடக்கூடாது. கர்ப்பிணிகளுக்கு வயிற்றிலும் இடுப்பிலும் வைக்கக் கூடாது. உடம்பில் உலோகத் தகடு இருந்தால் அந்த இடத்தில் 27.12 மெகா ஹெர்ட்ஸ் ஷார்ட் வேவ் ஆகாது.

நண்பர்களே, நாளை இந்தக் கருவிகளை ரிப்பேர் செய்யப்போவது நாம்தான். எர்த்தைப் பாருங்கள். கசிவு மின்சாரத்தை அளந்து பாருங்கள். குமிழ் பூஜ்யத்தில் இருந்தால்தான் சுவிட்சைப் போடுங்கள். பேடுக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவர் நம் ஊர்க்காரர்.