தட்டையைக் கொளுத்துமுன்

அன்புள்ள தம்பிக்கு,

மக்காச்சோளம் ஒடித்து முடித்துவிட்டோம், பக்கத்துப் பிஞ்சைக்காரர்கள் எல்லாம் தட்டையைக் கொளுத்துகிறார்கள், நானும் கொளுத்தட்டுமா என்று கேட்டிருந்தாய். அந்த வேலையில் நான் பழைய ஆள்தான். கொளுத்திய வருஷம் உழவு சுகமாக ஓடும். களை குறைந்த மாதிரி தெரியும். முதல் மழைக்குப் பயிர் கருகருவென்று கிளம்பும். அந்தப் பச்சையைப் பார்த்தே ஐந்தாறு வருஷம் ஏமாந்தேன்.

தீயில் தட்டையின் கரிமம் கிட்டத்தட்ட அத்தனையும் போகிறது. தழைச்சத்தில் பெரும்பகுதியும் கந்தகத்தில் கணிசமும் கூடவே போகின்றன. மிஞ்சுவது சாம்பல்சத்து, சுண்ணாம்பு, கொஞ்சம் மணிச்சத்து. செவக்காட்டுக்காரர் அதையாவது வரவு என்பார். நம் கரிசலிலோ சாம்பல்சத்துக்குப் பஞ்சமில்லை, சுண்ணாம்பும் வேண்டிய மட்டும் உண்டு, களர்த்தன்மையும் ஏற்கெனவே கூடுதல். இருப்பதையே திரும்பக் கொடுத்துவிட்டு, இல்லாத தழைச்சத்தையும் மக்கையும் நெருப்பு கொண்டுபோகிறது. மிஞ்சிய சாம்பலும் ஆடிக் காற்றில் யார் பிஞ்சைக்குப் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது.

நாலு டன் தட்டை எரிந்தால் ஏறக்குறைய ஒரு மூட்டை யூரியா போச்சு என்று வைத்துக்கொள். ‘மூட்டைதானே, வாங்கிப் போட்டுவிடலாம்’ என்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மூட்டை உரம் மக்குக்கு ஈடாகாது. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்துப் பெண்டில்டன் என்ற ஊரும் வானம் பார்த்த பூமிதான். வருஷ மழை 420 மில்லிமீட்டர் அளவு. ஒரு வருஷம் கோதுமை, மறுவருஷம் தரிசு. அங்கே 1931-லிருந்து தாளை எரித்த துண்டு, எரிக்காத துண்டு, உரம் போட்ட துண்டு, தொழுவுரம் போட்ட துண்டு என்று பிரித்து வைத்து மண்ணைச் சோதித்துவருகிறார்கள். எரித்த துண்டுகளில் மக்கு அதிகம் கரைந்தது. தழைச்சத்து உரம் அது கரைவதை மெதுவாக்கியது, நிறுத்தவில்லை. தொழுவுரத் துண்டுதான் தாக்குப்பிடித்தது. அது பனி விழுகிற ஊர்; நம் சித்திரை வெயிலில் மக்கு எவ்வளவு வேகமாகப் போகும் என்று நீயே யோசி.

மானாவாரியில் மக்கு என்றால் ஈரம். ஐப்பசி மழைக்கும் கார்த்திகை மழைக்கும் நடுவே இருபது நாள் வானம் பொய்த்தால், மக்குள்ள காட்டில் பயிர் சாயங்காலம் தலை நிமிரும், மற்றதில் நிமிராது. ஈரமில்லாத மண்ணில் உரம் இருந்தும் பயிருக்கு எட்டாது. ஒருமுறை கடைக்காரர் பேச்சைக் கேட்டுக் காய்ந்த மண்மேல் யூரியாவை வீசிவிட்டு மழைக்குக் காத்திருந்தேன். நம் மண்ணில் அது ஆவியாகவே பறந்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. அடியுரத்தை விதையோடு சாலில் போடு. மேலுரம் மழை பெய்த ஈரத்தில் மட்டும், அதுவும் மண் மூடும்படி. ஹெக்டேருக்கு 750 கிலோ தொழுவுரத்தில் சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து, மூடி ஒரு மாதம் வைத்திருந்து இடச் சொல்கிறார்களே, கரிசலுக்கு அது நல்ல யோசனை. மணிச்சத்தை நேராகப் போட்டால் சுண்ணாம்பு பிடித்துவைத்துக்கொள்ளும்.

படைப்புழுவுக்குப் பயந்துதான் கொளுத்த நினைக்கிறேன் என்றும் எழுதியிருந்தாய். 2018-ல் அது வந்ததிலிருந்து எல்லோருக்கும் அந்தப் பயம்தான். ஆனால் அதன் கூட்டுப்புழு மண்ணுக்குள் கிடக்கிறது; மேலே ஓடுகிற தீ அதைத் தொடாது. கோடை உழவில் புரட்டிப்போட்டால் வெயிலும் கொக்கும் மைனாவும் பார்த்துக்கொள்ளும். பருத்திமார் வேறு கதை. காய்ப்புழு தங்கும் என்பதால் எடுத்து முடித்ததும் பிடுங்கி அடுப்புக்குக் கொடுத்துவிடு. பூச்சி விழுந்ததைக் கொளுத்தியே ஆக வேண்டுமென்றால் மூலையில் குவித்துக் கொளுத்து, காடு முழுக்கத் தீ ஓடவிடாதே.

தட்டையை நறுக்கி உழுதுவிட்டு உடனே விதைத்தால் பயிர் வெளுக்கும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். மக்கும்போது அது மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தனக்கு இழுத்துக்கொள்ளும். கோடை மழையிலேயே மடக்கி உழு, புரட்டாசி விதைப்புக்குள் பாதியாவது மக்கியிருக்கும். முதல் வருஷம் தழைச்சத்தைக் கொஞ்சம் கூட்டிப் போடு.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஆட்டுக்கிடைதான். தழையை ஆடு மேயும், தண்டை மிதித்து நொறுக்கும், இரவில் புழுக்கையும் மூத்திரமும் காட்டிலேயே விழும். காலையிலேயே ஒரு உழவு ஓட்டி மண்ணோடு சேர்த்துவிடு. கிடை போடும் கீதாரியிடம் இந்த வாரமே சொல்லிவை. சித்திரை பிறந்துவிட்டால் நஞ்சைக்காரர்கள் முந்திக்கொள்வார்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி