பழைய தெருவா, புதிய நகரா? – ஒரு வகுப்பறைப் பாடம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடக்கும்போது இரண்டு வகை வெண்மை கண்ணில் படும். ஒன்று உப்பு. மற்றொன்று, சாலையோரப் புஞ்சை நிலங்களில் வரிசையாக நட்டு வைத்திருக்கும் மனைக் கற்கள். உப்பளத்தில் கூலி வேலை செய்யும் குடும்பங்கள் சீட்டு எடுத்தும் நகையை அடகு வைத்தும் அந்தக் கற்களில் நான்கை வாங்குகின்றன. வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே எடுக்கும் முடிவு அது. அப்போது மனை விற்பனைத் துண்டறிக்கையை வீட்டில் வாசித்துக் காட்டுவது பெரும்பாலும் நம்மிடம் படிக்கும் பிள்ளைதான். அதனால்தான் இதைப் பாடமாக நடத்தலாம் என்று எண்ணினேன்.

எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலில் இடம்பெயர்தலும் நகரமயமாதலும் வருகின்றன. ஒன்பதாம் வகுப்பில் நிலவரைபடத் திறன்கள் வருகின்றன. இவற்றோடு கணக்கையும் சேர்த்து நான்கு பாடவேளைகளில் முடித்துவிடலாம்.

முதல் பாடவேளையில் ஒரே ஒரு கேள்வி: இப்போது இருக்கும் தெருவிலேயே இருப்பதா, புது நகரில் மனை வாங்கி வீடு கட்டிப் போவதா? என் வகுப்பில் ஏறக்குறைய எல்லாக் கைகளும் புது நகருக்கே உயர்ந்தன. அகலமான சாலை, தனிக் கழிப்பறை, படிக்க ஓர் அறை. இவை நியாயமான ஆசைகள். இதை உடனே திருத்த முனையாமல், கரும்பலகையில் அப்படியே எழுதி வைத்துவிடுவது நல்லது.

அடுத்து, வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு நாளில் எங்கெங்கே போகிறார்கள், எத்தனை மணிக்கு, எதில் என்று ஓர் அட்டவணை போடச் சொன்னேன். உப்பளத்துக்குப் போகிறவர்கள் விடியுமுன் கிளம்ப வேண்டும். அந்நேரத்தில் பேருந்து கிடையாது. தை, மாசியில் பாத்திகளைச் சரிசெய்து தொடங்கும் வேலை, வடகிழக்குப் பருவமழை வரும்வரைதான். மழை மாதங்களில் வருமானம் இல்லை. உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் வழங்குவதும் இதனால்தான். அந்த மாதங்களில் குடும்பத்தைத் தாங்குவது எது என்று கேட்டபோது பிள்ளைகள் சொன்ன விடைகள் எனக்குப் புதிய பாடமாக இருந்தன: கணக்கு எழுதிக் கொடுக்கும் மளிகைக் கடை, கைமாற்றுத் தரும் எதிர்வீட்டு அத்தை, தம்பியைப் பார்த்துக்கொள்ளும் ஆயா. இவற்றில் ஒன்றும் துண்டறிக்கையில் வராது. இடம் மாறினால் இவற்றுக்கு என்ன செலவாகும் என்று மாணவர்களே கணக்கிடட்டும்.

இத்தகைய தேர்வு நம் கடலோரத்தில் அரசாணையாகவே ஒருமுறை வந்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, 2005 மார்ச் 30 அன்று வருவாய்த் துறை வெளியிட்ட அரசாணை எண் 172 அது. உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் சேதமடைந்த வீடுகளின் உரிமையாளர்கள், அதைத் தாண்டிய இடத்தில் ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்புள்ள புது வீட்டை இலவசமாகப் பெறலாம். பெற்றால் பழைய இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். போக விருப்பமில்லாதவர்கள் இருக்கும் இடத்திலேயே சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம். அரசு உதவி கிடையாது.

இந்த அரசாணையின் சுருக்கத்தை வகுப்பில் வாசித்துவிட்டு, மாணவர்களை மீனவர் குடும்பங்களாகப் பிரித்து முடிவெடுக்கச் சொல்லுங்கள். குப்பத்துப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் விவாதம் சூடு பிடிக்கும். கடல் கண்ணில் படாத வீட்டிலிருந்து எப்படித் தொழிலுக்குப் போவது? படகையும் வலையையும் இன்ஜினையும் யார் காவல் காப்பது? மறுபக்கம், இன்னோர் அலை வந்தால் என்ன செய்வது? தமிழகக் கடலோரத்தில் பலர் இரண்டையும் வைத்துக்கொள்ளவே முயன்றார்கள்: தூங்கப் புது வீடு, வலை வைக்கக் கரையோரக் கொட்டகை. இதைச் சட்ட மீறல் என்று மட்டும் பார்ப்பது சரியல்ல என்பது என் கருத்து. வீடு கொடுத்த திட்டம், அந்த வீட்டில் இருந்துகொண்டு செய்ய வேண்டிய தொழிலுக்கு இடம் கொடுத்ததா என்றும் நாம் கேட்க வேண்டும்.

ஜப்பானின் சான்ரிக்குக் கடற்கரையிலும் இதுவே நடந்தது. 1896 சுனாமிக்குப் பின் மேட்டுக்குக் குடியேறிய மீனவர்கள் பலர் தொழிலுக்காக மீண்டும் கரைக்கு இறங்கினார்கள். 1933இல் மறுபடியும் அலை வந்தது. அதன்பின் அனேயோஷி என்ற சிற்றூரில், இதற்குக் கீழே வீடு கட்டாதீர்கள் என்று எச்சரிக்கும் கல் ஒன்றை நட்டார்கள். ஊரார் அதை மதித்தார்கள். 2011 சுனாமி அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது. மனைக் கல்லையும் இந்தக் கல்லையும் ஒப்பிட்டு எழுதச் சொன்னால் தமிழாசிரியருக்கும் நல்ல கட்டுரைகள் கிடைக்கும்.

மூன்றாம் பாடவேளையைத் தண்ணீருக்கென்றே ஒதுக்க வேண்டும். மரக்காணம் பகுதி நீர் வந்து சேரும் தாழ்நிலம். பக்கிங்காம் கால்வாய் தெற்கே வந்து முடிவது இங்கேதான். சுற்றுவட்டார ஏரிகளின் உபரிநீர் கழுவெளியில் சேர்ந்து, எடையன்திட்டுக் கழிமுகம் வழியாகக் கடலுக்குப் போகிறது. 5,151 எக்டேர் பரப்புள்ள கழுவெளி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. பறவைகளுக்காகப் பாதுகாக்கப்படும் அந்தச் சதுப்புதான் மழைக்காலத்தில் நம் ஊர்களின் வெள்ளத்தையும் தாங்குகிறது. கோடையில் மனை பார்க்க அழைத்துப் போகும்போது இது எதுவும் தெரியாது. காய்ந்த தரை, காற்று, தூரத்தில் கடல். மிக அழகாகத்தான் இருக்கும்.

பழைய ஊர்ப்பெயர்கள் நிலத்தைப் பற்றிய தகவலைத் தாங்கி நிற்பவை. கூனிமேடு என்பதில் மேடு இருக்கிறது. எடையன்திட்டு என்பதில், நீர் சூழ்ந்தாலும் மூழ்காத திட்டு இருக்கிறது. தாங்கல், ஏந்தல் என்று முடியும் பெயர்கள் நீர் தேங்கிய இடங்களைச் சொல்பவை. கார்டன், அவென்யூ, சிட்டி என்று முடியும் பெயர்கள் நிலத்தைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. பெயர் மாறும்போது தகவலும் போய்விடுகிறது. புது மனைத் திட்டம் அமைந்த வயலுக்குப் பழைய பெயர் என்ன என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு வருவதை வீட்டுப்பாடமாகக் கொடுக்கலாம். (மண்டவாய்ப் புதுக்குப்பத்துப் பெயரில் இன்னும் ‘புது’ இருப்பதையும் பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டுங்கள். புதிதாகக் குடியேறுவது நம் தலைமுறையில் தொடங்கிய பழக்கமல்ல.)

இப்போது கணக்கு. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, நம் மாவட்டத்து மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 சென்டிமீட்டர் மழை பதிவானது. 1,200 சதுர அடி மனை என்பது சுமார் 111.5 சதுர மீட்டர். அதை 0.51ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 57 கன மீட்டர், அதாவது 57,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஐந்து லாரிக்குச் சற்றுக் குறைவு. ஒரு மனைக்கே இவ்வளவு என்றால், நூறு மனைகள் உள்ள நகரில் 57 லட்சம் லிட்டர். அந்த நீர் எந்த வாய்க்கால் வழியாக வெளியேறும் என்பதை மனை வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியவில்லை என்றால் அதுவும் ஒரு விடைதான்.

துண்டறிக்கையையே இன்னொரு பயிற்சியாகக் கொள்ளலாம். ‘புதுவைக்கு 20 நிமிடம்’ என்று அச்சிட்டிருந்தால், சுமார் 35 கிலோமீட்டரை 20 நிமிடத்தில் கடக்க மணிக்கு 105 கிலோமீட்டர் வேகம் வேண்டும் என்று ஏழாம் வகுப்பு மாணவரே சொல்லிவிடுவார். 500 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள மனைத் திட்டங்களை 2016ஆம் ஆண்டு கட்டட மனை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு செய்த பிறகே விளம்பரம் செய்யலாம். விளம்பரத்தில் அந்த ‘ரெரா’ பதிவு எண் இருக்க வேண்டும். எண் இருக்கிறதா என்று தேடட்டும். நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் எண்ணும் அப்படியே. புல எண் கிடைத்தால், அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையச் சேவையில் அ-பதிவேட்டைத் திறந்து, அந்த நிலம் நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்று உயர்தொழில்நுட்ப ஆய்வகத்திலேயே பார்க்கலாம். பட்டா, வில்லங்கச் சான்று ஆகிய சொற்களைப் பத்தாம் வகுப்பு முடிக்கும் முன் ஒரு பிள்ளை அறிந்திருப்பது, பல தேர்வு வினாக்களைவிடப் பயன்படும்.

பள்ளித் தூரத்தையும் விடக்கூடாது. கல்வி உரிமைச் சட்ட விதிகளின்படி தொடக்கப்பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலை வகுப்புகள் 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். ஆனால் அந்த 1 கிலோமீட்டருக்கு நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலை ஓடினால் ஆறு வயதுப் பிள்ளைக்கு அது வேறு தூரம்.

இவ்வளவு சொன்னதால் பழைய தெருவே மேல் என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். பழைய தெருக்களில் நான்கு சகோதரர்களுக்கு ஒரே பட்டா இருக்கும். ஆம்புலன்ஸ் நுழைய முடியாத சந்து இருக்கும். அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. ‘எந்தத் தெரு?’ என்ற கேள்வியின் பொருள் நம் எல்லோருக்கும் தெரியும். ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார் என்றால், அந்தச் சொல் எவ்வளவு காலம் எவ்வளவு பேரைக் குறுக வைத்திருக்கும்! முகவரியைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மாறாத ஓரிடத்தில் வாழ வேண்டும் என்பதற்காகவே புது நகருக்குப் போகிறவர்கள் உண்டு. என் வகுப்பில் ஒரு மாணவி தன் தாளில் காரணங்கள் எதையும் எழுதாமல், ‘அங்கே எங்களை யாருக்கும் தெரியாது’ என்று மட்டும் எழுதியிருந்தாள். அதற்கு நான் மதிப்பெண் போடவில்லை, எதிர்வாதமும் சொல்லவில்லை. நீர் தேங்கும் நிலமா, ஆவணம் சரியா என்று பார்க்க அவளுக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும். போவதா வேண்டாமா என்பது அவர்கள் வீட்டு முடிவு.

நடைமுறையில் சில எச்சரிக்கைகள். உண்மையான மனைத் திட்டத்தின் பெயரை மறைத்துவிட்டு நகலெடுங்கள். வகுப்பில் ஒரு பிள்ளையின் அப்பா மனைத் தரகராக இருக்கலாம், அது அவர்கள் சோறு. யாருடைய வீட்டுக் கடனையும் வகுப்பில் கேட்காதீர்கள். அட்டவணையைப் பெயர் எழுதாமல் வாங்குங்கள்.

கள ஆய்வைக் கார்த்திகையில் வைத்துக்கொள்வது நல்லது. மார்ச், ஏப்ரலில் போனால் பாதிப் பாடம்தான் கிடைக்கும். மழை விட்ட மூன்றாம் நாள், தலைமையாசிரியரின் அனுமதியோடு, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு, பழைய தெரு ஒன்றுக்கும் புது நகர் ஒன்றுக்கும் போய் வாருங்கள். தண்ணீருக்குள் யாரும் இறங்கக் கூடாது. சாலையில் நின்றபடியே, அன்றும் நீர் வடியாத இடங்களை மாணவர்கள் தங்கள் வரைபடத்தில் நீல நிறத்தில் தீட்டட்டும். அந்தத் தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.