தோலும் வயிறும்

புணே மாவட்டத்துத் தளேகாவில் மழைக்காலத்தில் ஈரம் மிகுதி. அந்நாள்களில் நாய்களின் உடலில் உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் பெருகி அரிப்பை உண்டாக்கும். மருந்திட்டு அவற்றை நீக்கிய பின்னும் ஒரு நாய் ஆண்டு முழுவதும் காதைச் சொறிந்தும் பாதத்தை நக்கியும் வருந்தினால், அதனோடு வயிற்றுப்போக்கும் அடிக்கடி வந்தால், இரண்டிற்கும் உணவு ஒவ்வாமையே காரணமாக இருக்கலாம்.

மாட்டிறைச்சி, பால், கோழியிறைச்சி, கோதுமை ஆகியன நாய்களுக்குப் பெரிதும் ஒவ்வாமை தருவன. பாலில் ஊறிய சப்பாத்தியே இங்குப் பல வீட்டு நாய்களுக்கு அன்றாட உணவு! இவ்வொவ்வாமையை உறுதியாகக் காட்டும் இரத்தப் பரிசோதனை இல்லை. கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி, நாய் முன்பு உண்டிராத உணவை மட்டும் 8 வாரம் கொடுத்துப் பார்ப்பர். நோய் தணிந்தபின் பழைய உணவைக் கொடுப்பர். அரிப்பு மீண்டும் தோன்றினால் காரணம் உறுதிப்படும்.

8 வாரம் காப்பது எளிதன்று. இரக்கத்தால் ஒருவர் நீட்டும் ஒரு பிஸ்கட்டிலும் கோதுமையும் பாலும் உண்டு, சோதனை பிழையாகிவிடும். தின்றதை நாய் சொல்லாது. கொடுத்தவரே மருத்துவரிடம் மறைக்காமல் கூற வேண்டும்.

அருஞ்சொற்பொருள்: ஒவ்வாமை – உடல் ஏற்காமை.

வினா: பழைய உணவை மீண்டும் கொடுத்துப் பார்ப்பது ஏன்?