குடிவேட்கை எழுவது ஏன்?

குடியை விட்டவர் மீண்டும் குடித்தால், மனவுறுதி அற்றவர் என்று ஊரார் இகழ்வர். இது முழு உண்மையன்று. நெடுநாட் குடி மூளையின் இயக்கத்தையே மாற்றிவிடுகிறது. ஆகவே, சில காரணங்கள் கூடும்போது வேட்கை தானே எழுகிறது.

முதலாவது, பழகிய சூழல். கடை இருக்கும் தெரு, கூலி பெறும் மாலைப்பொழுது, உடன் குடித்த நண்பர், மதுவின் வாடை ஆகியவை பழைய நினைவைத் தூண்டும். இரண்டாவது, மனநிலை. கடன்கவலை, சினம், தனிமை, உறக்கமின்மை ஆகியவை வேட்கையை வளர்க்கும். மூன்றாவது, முதல் மிடறு. 'ஒரு மிடறுதானே' என்று அருந்தினால், அதுவே அடுத்ததைக் கேட்கும்.

வேட்கை அலை போன்றது. எழுந்து, சிறிது நேரத்தில் தணியும். அந்நேரத்தைக் கடக்க உதவுவதே குடும்பத்தின் பணி. வேளைக்கு உணவளித்தல், வேறு வழியாக வீடு திரும்பச் செய்தல், அன்பாகப் பேசுதல் ஆகியவை பயன் தரும். 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்குத் தொடங்கியபோது, மாலை வேளைகளில் விளையாட்டுக்களும் கலைநிகழ்ச்சிகளும் நடத்தப்பட்டதன் கருத்தும் இதுவே.

ஓர் எச்சரிக்கை: நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் தாமாகத் திடீரென நிறுத்தலாகாது. முதல் இரண்டு நாட்களில் வலிப்பும், அதன்பின் புத்தித் தடுமாற்றமும் நேர்ந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனையை நாடுதல் வேண்டும். வேட்கையைத் தணிக்கும் நால்ட்ரெக்ஸோன், மதுவைத் தவிர்த்து வாழத் துணைபுரியும் அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளை மருத்துவர் ஆராய்ந்து அளிப்பார்.

வழுக்கியவரை இகழாது, மீண்டும் சிகிச்சைக்கு அழைத்துச் செல்வோமாக!