தக்காளி, மிளகாயில் வைரஸ் நோய்: வருமுன் காக்க ஆறு படிகள்

தக்காளியின் கொழுந்து சுருண்டு, இலை சிறுத்து, செடி குட்டையாக நின்றுவிட்டால் அதைத் திரும்பத் தேற்றும் மருந்து எந்தக் கடையிலும் கிடையாது. செடிக்குள் புகுந்த வைரஸை எந்தத் தெளிப்பும் அழிக்காது. அதைச் சுமந்து வரும் பூச்சியைத் தடுப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. இளஞ்செடியில் நோய் தொற்றினால் காய்ப்பே இருக்காது. காய் பிடித்த பிறகு தொற்றினால் இழப்பு குறைவு. அதனால் நாற்றங்காலும் நட்ட பின் முதல் 45 நாட்களும்தான் முக்கியம்.

1. எது என்று கண்டுபிடியுங்கள்

தக்காளி இலைச்சுருளையும் மிளகாய் இலைச்சுருளையும் பரப்புவது வெள்ளை ஈ. தக்காளி இலையில் பழுப்புப் புள்ளிகள் விழுந்து, கொழுந்து கருகி, காயில் வளையங்கள் தெரிந்தால் அது இலைப்பேன் பரப்பும் நோய். நிலக்கடலையில் மொட்டுக் கருகலை உண்டாக்கும் அதே வைரஸ். மிளகாய் இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் கலந்து திட்டுத் திட்டாக இருந்தால், பெரும்பாலும் அசுவினி கொண்டுவந்த தேமல்.

மிளகாயில் எல்லாச் சுருட்டையும் வைரஸ் அல்ல. இலைப்பேன் சாறு உறிஞ்சினால் இலை மேல்நோக்கிச் சுருளும். முரணைச் சிலந்தி தாக்கினால் கீழ்நோக்கி வளையும். ஒரு வெள்ளைத் தாளின் மேல் கொழுந்தைத் தட்டினால் இலைப்பேன் உதிர்ந்து ஓடுவது தெரியும். சிலந்தி கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, கைலென்ஸ் வேண்டும். இவற்றைக் கட்டுப்படுத்தினால் புதுத் துளிர் நன்றாக வரும். வைரஸ் என்றால் புதுத் துளிரும் சுருண்டே வரும்.

2. நாற்றை வலைக்குள் வளருங்கள்

நிழல்வலை வெயிலைத்தான் தடுக்கும். வெள்ளை ஈ அதன் கண்களில் எளிதாக நுழைந்துவிடும். 50 மெஷ் பூச்சித் தடுப்பு வலை வேண்டும். குழித்தட்டு நாற்றை வெளியில் வாங்கினால் இலையின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். வெள்ளை ஈயோ, சுருண்ட கொழுந்தோ இருந்தால் அந்த நாற்று வேண்டாம். வெள்ளை ஈ பெருகும் கோடையில் நடுவதானால் நோய் தாங்கும் ரகமே நல்லது. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா ரக்‌ஷக் தக்காளி, இலைச்சுருளைத் தாங்கும்.

3. நடவுக்கு முன் வயலைச் சுற்றிப் பாருங்கள்

வரப்பில் நிற்கும் துத்தி, பார்த்தீனியம் போன்ற களைகள் பூச்சிக்கும் வைரஸுக்கும் புகலிடம். அவற்றை முன்கூட்டியே அகற்றுங்கள். பழைய தக்காளி, மிளகாய் வயலை ஒட்டி நடாதீர்கள். நடவுக்கு 15 முதல் 20 நாட்கள் முன்பே வயலைச் சுற்றி மக்காச்சோளமோ கம்போ இரண்டு மூன்று வரிசை நெருக்கமாக விதையுங்கள். அசுவினி முதலில் அதில் அமர்ந்து துளைத்துப் பார்க்கும். அதன் வாயில் ஒட்டியிருக்கும் தேமல் வைரஸ் அங்கேயே கழிந்துவிடும். நிலப்போர்வை போடுவதானால் வெள்ளி நிறம் மேலே இருக்கட்டும். அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் பூச்சி வந்து இறங்குவதைக் குறைக்கும்.

4. நட்டபின் கண்காணியுங்கள்

ஏக்கருக்கு 5 மஞ்சள் ஒட்டும் பொறிகளைச் செடியின் உச்சி மட்டத்தில் கட்டுங்கள்; செடி வளர வளரப் பொறியையும் உயர்த்துங்கள். இலைப்பேனுக்கு நீலப் பொறி. வாரம் இருமுறை வயலின் நான்கு மூலையிலும் நடுவிலும் நின்று இலை அடியைப் பாருங்கள்.

5. நோயுற்ற செடியைத் தயங்காமல் பிடுங்குங்கள்

வெள்ளை ஈ சோம்பியிருக்கும் அதிகாலையில், செடியை ஒரு பையால் மூடிப் பிடுங்குங்கள். குலுக்கினால் ஈக்கள் பக்கத்துச் செடிக்குப் பறந்துவிடும். பிடுங்கியதை வரப்பில் போடாமல் புதைத்துவிடுங்கள். ஒரு செடி போகிறதே என்று பார்த்தால் வரிசையே போய்விடும்.

6. மருந்தை அளந்து பயன்படுத்துங்கள்

பூச்சி குறைவாக இருக்கும்போதே 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலைத் தெளிக்கலாம். 10 லிட்டர் கரைசலுக்கு 500 கிராம் வேப்பம்பருப்புப் பொடியை இரவு முழுதும் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேருங்கள். மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளிக்க வேண்டும். பூச்சி மிகுந்தால் வேளாண் அறிவியல் நிலையத்தையோ தோட்டக்கலை அலுவலரையோ கேட்டு, பயிருக்குப் பரிந்துரைத்த மருந்தை மட்டும் வாங்குங்கள். ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் வெள்ளை ஈ அதற்குப் பழகிவிடும். பைரித்ராய்டு வகையைத் தொடர்ந்து அடித்தால் நன்மை செய்யும் பூச்சிகள் அழிந்து வெள்ளை ஈ இன்னும் பெருகும். தேமலுக்கோ மருந்தால் பயன் மிகக் குறைவு; அசுவினி சில விநாடிகளிலேயே நோயைத் தொற்றவைத்துவிடும்.

கடைசிப் பறிப்பு முடிந்ததும் செடிகளை வயலில் காயவிடாமல் உடனே அகற்றுங்கள். உங்கள் பழைய வயலில் பெருகும் வெள்ளை ஈ பக்கத்து வயலின் புது நாற்றுக்குத்தான் போகும். ஊரில் நாலு பேர் பேசிவைத்து ஒரே சமயத்தில் நட்டு, ஒரே சமயத்தில் அழியுங்கள். தனியாகப் போராடுபவரைவிட, சேர்ந்து செய்பவர்களின் வயலே தப்பும்.